தொட்டால் நிற்க வேண்டும்

இல்லீங்க, நான் டீச்சர் இல்லீங்க. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. இந்தக் கண்ணாடியும் காட்டன் சேலையும் பாத்தா அப்படித் தோணுது போல. நான் கம்ப்யூட்டர் வேலைங்க. கோயமுத்தூர்ல ஒரு பம்பு கம்பெனில இருவத்திரண்டு வருசமா இருக்கறன். பேரு வசந்தாமணி. புதுக்கோட்டை வரைக்கும் போயிட்டு வர்றன். ஒரு டீச்சர் வீட்டுக்குத்தான் போனன். அவங்கதான் டீச்சர். பிசிக்ஸ்.

சொந்தக்காரங்க இல்லீங்க. எப்படிச் சொல்றது... நான் எழுதி வெச்ச ஒண்ண அவங்க எடுத்துப் பயன்படுத்தினாங்க. அதுல ஒண்ணு ஆயிருச்சு.

நீங்க காங்கேயம் வரைக்குமுங்களே? பஸ்ஸு இப்பத்தான் கரூர் தாண்டியிருக்குது. நேரம் இருக்குது. சொல்றன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என்மேல என்ன தப்புன்னு. நம்ம ஆளுங்ககிட்டச் சொன்னா அவங்க எம்பக்கம்தான் பேசுவாங்க. நீங்க மூணாம் மனுசி.

நத்தைன்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்குதுங்க. நான் ஆரம்பிச்சது. ரோபோக் கையி இருக்குதில்லீங்க, அத ஆட்டி வெக்கறது. ஃபேக்டரில கார் தூக்கற பெரிய கை இல்ல. மேசை மேல வெக்கற மாதிரி, நம்ம கையத்தன நீளம். ஏன் நத்தைன்னு பேரு வெச்சன்னா, நத்தையத் தொட்டா என்ன பண்ணும்? சட்டுனு நின்னு உள்ள இழுத்துக்கும். இந்தக் கையும் அப்படித்தான். எதாவது மேல பட்டுச்சுன்னா நின்னரணும். நின்னு பின்னால வரணும். அஞ்சுல ஒரு பங்கு செகண்டுக்குள்ள. மனுசங்களுக்குப் பக்கத்துல வேலை செய்யறதில்லீங்களா. அது நான் போட்ட விதி. நானேதான் போட்டன்.

இத நான் விக்கலீங்க. தெறந்து வெச்சுட்டன். யாரு வேணா எடுத்துக்கலாம், யாரு வேணா உள்ள என்ன எழுதியிருக்குதுன்னு பாக்கலாம், திருத்தி அனுப்பலாம். போலந்துல இருந்து ஒருத்தர் அனுப்புவாரு. பிரேசில்ல இருந்து ஒரு பொண்ணு அனுப்பும். ஆறு வருசம். தெனமும் காலைல அஞ்சுலருந்து ஏழு வரைக்கும் அதுதான் வேலை. அப்புறம் குளிச்சு, சமைச்சு, ஆபீஸ். ஒரு நாள் விட்டதில்லீங்க. எங்கம்மா காரியத்தன்னிக்குக்கூட ஒரு மணி நேரம் பாத்துட்டுத்தான் எந்திரிச்சன்.

பல பேர் கை வெக்கற சமாச்சாரம் பாருங்க. ஒருத்தர் ஒரு வரிய மாத்துவாரு, அது வேற எங்கியோ போயி ஒண்ண ஒடச்சிரும். அதக் கண்டுபுடிக்கறதுக்குன்னே ஒரு மெஷின் வெச்சிருக்கறோம். யாரு எத அனுப்பினாலும், ஒரு கமாவ மாத்தினாக்கூட, அது தானா ஆரம்பிச்சு எல்லாத்தையும் மொதல்லருந்து டெஸ்ட் பண்ணிப் பாக்கும். அதுக்குள்ளயே ஒரு கை இருக்குது, நெசக் கை இல்ல, கம்ப்யூட்டருக்குள்ள வரஞ்சது. அத மேல தூக்கும், கீழ எறக்கும், எதுலயாவது முட்ட விடும். நானூத்திப் பதினாறு டெஸ்ட். அத்தனையும் பாஸானாப் பச்சை. ஒண்ணே ஒண்ணு ஃபெயிலானாலும் செவப்பு. செவப்பு இருந்தா யாரும் எதையும் சேக்கக்கூடாது. நெட்டுல எங்க பக்கத்தத் தெறந்தா மொதல்ல கண்ணுல படறதே அந்தக் கலருதானுங்க. வெளிய இருந்து வர்றவங்க அதப் பாத்துத்தான் நம்பி எடுப்பாங்க.

என்கூட இன்னொருத்தர் இருந்தாரு. பெனடிக்ட். தூத்துக்குடிக்காரரு. துறைமுகத்துல கிரேன் கன்ட்ரோல் பாக்கறவரு. எனக்கும் அவருக்கும்தான் உள்ள சேக்கற உரிமை இருந்துச்சு. நேர்ல ரெண்டு தடவதான் பாத்திருக்கறன். ஆனா நாலு வருசம் தெனமும் பேசுவோம். "அக்கா, அக்கா"ன்னுதான் கூப்புடுவாரு.

போன வருசம் ஆடி மாசம்னு வெச்சுக்குங்களே. ஒரு டெஸ்ட் வம்பு பண்ண ஆரம்பிச்சுது. எல்லாத்துலயும் முக்கியமானது, தொட்டா நிக்கற டெஸ்ட். எப்பவும் ஃபெயிலானா என்னன்னு பாத்துரலாமுங்க. இது அப்படி இல்ல. முப்பது தடவ ஓட விட்டா இருவத்தொம்பது தடவ பாஸாகும். ஒரு தடவ ஃபெயிலாகும். மறுபடி ஓட விட்டாப் பாஸ். எதையும் மாத்தலீங்க, அதே புரோகிராமு, அதே மெஷின். ஒரு தடவ மட்டும் கை லேட்டா நிக்குது.

பெனடிக்ட் சொன்னாரு, "அக்கா, இது என்னமோ சொல்லுது. புதுசா எதையும் சேக்க வேணாம், இதப் பாத்துட்டு மத்ததப் பாப்போம்."

நான் சொன்னன், "மெஷின் பழசு பெனடிக்ட். ஒரே நேரத்துல எட்டு டெஸ்ட் ஓடுது, மூச்சு முட்டுது அதுக்கு. அதான் லேட்டாகுது."

"மெஷின் வேலையா இருந்தா கை லேட்டா நிக்கும்னா, அதுவே தப்புதானக்கா?"

அவரு அப்படித்தானுங்க. எதையும் இழுத்துக்கிட்டே போவாரு. எனக்கு அப்ப பெங்களூர்ல ஒரு மாநாடு. ரோபோ சாஃப்ட்வேர் எழுதறவங்க எல்லாம் கூடறது. நத்தையப் பத்திப் பேசக் கூப்புட்டிருந்தாங்க. மேடையில, பெரிய ஸ்க்ரீன்ல எங்க பக்கத்தத் தெறந்து காட்டணும். ஆறு வருசத்துல மொதல் தடவையா என்னை ஒரு எடத்துக்குக் கூப்புடறாங்க. கம்பெனில நான் யாருன்னுகூடத் தெரியாதுங்க, அக்கவுண்ட்ஸ் வசந்தியா கம்ப்யூட்டர் வசந்தியான்னு இன்னும் கேப்பாங்க. மேடையில தெறக்கற நேரம் பாத்துச் செவப்பு நின்னா?

அதனால ஒண்ணு பண்ணினன். பெரிய விசயமில்லீங்க, எல்லா எடத்துலயும் பண்றதுதான். அந்த டெஸ்ட் ஃபெயிலானா இன்னொரு தடவ ஓட்டிப் பாரு, அப்பவும் ஃபெயிலானா இன்னொரு தடவ, மூணுல ஒண்ணு பாஸானாப் பச்சை காட்டுன்னு ஒரு வரி. ஒரே ஒரு வரி. வேற நாலு எழுத்துப்பிழை திருத்தம் இருந்துச்சு, அதுகூடவே சேத்து, "சின்னச் சின்னத் திருத்தங்கள்"னு தலைப்புப் போட்டு ஏத்திவிட்டன். பெனடிக்ட்கிட்டத் தனியாச் சொல்லணும்னு தோணல. மறைக்கணும்னு இல்லீங்க. தெறந்துதான கெடக்குது, பாக்கணும்னா பாத்துக்கலாமே.

அதுக்கப்புறம் செவப்பே வரலீங்க. ரெண்டு புள்ளி மூணுன்னு புது வெர்ஷன் விட்டோம். பெங்களூர்ல நல்லாப் பேசினன். கை தட்டுனாங்க. ஒரு அம்மா வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு, "ஒரு பொம்பள தனியா இதச் செஞ்சிருக்கீங்களே"ன்னாங்க. தனியா இல்ல, பெனடிக்ட்டும் இருக்காருன்னு சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துல தோணல.

அந்த மாநாட்டு வீடியோவப் பாத்துட்டுத்தான் புதுக்கோட்டை டீச்சர் எழுதினாங்க. சித்ராதேவி. அவங்க தம்பி முருகானந்தம். கரண்டு எடுக்கற காத்தாலைக் கோபுரத்துல ஏறி வேலை பாக்கற எலெக்ட்ரீசியனுங்க. உடுமலைப் பக்கம் வேலை பாத்திருக்காரு. ஏணியில கால் தவறி விழுந்து கழுத்துக்குக் கீழ ஒண்ணுமில்லாமப் போயிருச்சு. ஒம்பது வருசம். டீச்சருக்குக் கல்யாணம் ஆகல. அவங்க ரெண்டு பேர்தான் வீட்ல.

டீச்சர் ஒரு கைய வாங்கி, நத்தையப் போட்டு, நுனியில ஸ்பூனக் கட்டி, தம்பிக்கு ஊட்டற மாதிரி பண்ணியிருந்தாங்க. தானே பண்ணியிருக்காங்க. தாடைக்குக் கீழ ஒரு சுவிட்சு. அத அவரு தாடையால அழுத்தினா ஸ்பூன் தட்டுக்குப் போயி அள்ளிக்கிட்டு வாய்க்கிட்ட வரும். வீடியோ அனுப்புனாங்க. நான் அழுதுட்டனுங்க. சும்மா சொல்லல, ஆபீஸ்ல, கேன்டீன்ல உக்காந்து அழுதன்.

அவங்க எழுதினது இப்பவும் எனக்கு மனப்பாடம். "மேடம், ஒம்பது வருசமா நான்தான் ஊட்டுறேன். ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு நான் அவசரப்படுவேன்னு அவன் மெல்லாமயே முழுங்குவான். அது எனக்கு இத்தன நாள் தெரியல. இப்ப ஒரு தட்டு தயிர்சாதத்த அம்பது நிமிசம் சாப்புடுறான். எனக்கு எரிச்சலா வருது. ரொம்ப சந்தோசமா இருக்கு."

அத நான் பிரிண்ட் எடுத்து ஆபீஸ் மேசையில ஒட்டி வெச்சிருந்தன்.

பொறகு ரெண்டு மாசம் கழிச்சு அவங்க ஒரு புகார் போட்டாங்க. எங்க பக்கத்துல புகாருக்குன்னு ஒரு எடம் இருக்குது, எல்லாரும் படிக்கலாம். தெனமும் ஊட்டறதுக்கு முன்னாடி அவங்க உள்ளங்கைய ஸ்பூனுக்குக் குறுக்க வெச்சுப் பாப்பாங்களாம். சில நாள் லேட்டா நிக்குதுன்னாங்க. நான் பதில் போட்டன்: எங்க பக்கம் எல்லா டெஸ்ட்டும் பச்சை, உங்க ஒயரப் பாருங்க. மரியாதையாத்தான் போட்டன்.

ரெண்டு வாரத்துல மறுபடி எழுதினாங்க. தேதி, நேரம், எத்தன செகண்டு, எல்லாம் ஒரு கட்டம் போட்டு. பிசிக்ஸ் டீச்சர் பாருங்க. நான் இங்க ஓட்டிப் பாத்தன், வரல. "இங்க வரவில்லை"ன்னு எழுதி மூடிட்டன். அப்படித்தான் செய்யறதுங்க, வராத ஒண்ண எப்படிச் சரி பண்றது?

மூணாவது தடவ ஒரே ஒரு வரி. "மேடம், தொட்டா நிக்கிற டெஸ்ட்ட மட்டும் ஏன் மூணு தடவ ஓட விடுறீங்க?"

எனக்குச் சுருக்குனு இருந்துச்சுங்க. உண்மையச் சொல்றன். இலவசமா எடுத்துக்கறாங்க. என்னோட காலை நேரம் ஆறு வருசம் அதுல போயிருக்குது. உள்ள பூந்து பாத்து, என்னைக் கேள்வி கேக்கற மாதிரி... அவங்க அப்படி நெனச்சுக் கேக்கலியோ என்னமோ. நான், "இது உங்கள் புகாருக்குத் தொடர்பில்லாத கேள்வி"ன்னு போட்டு மூடினன். பெனடிக்ட் அதப் பாத்துட்டு அன்னிக்கே போன் பண்ணினாரு.

"அக்கா, மூணு தடவையா? யாரு போட்டது?"

"நான்தான். மாநாட்டுக்காக. அப்புறம் எடுத்துரலாம்னு இருந்தன்."

"மாநாடு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சேக்கா."

"எடுக்கறன் பெனடிக்ட். இந்த வாரம் ஆபீஸ்ல ஆடிட்டு. முடிச்சுட்டு எடுக்கறன்."

எடுத்திருப்பனுங்க. அந்த வாரமே எடுத்திருப்பன். ஆடிட்டு தள்ளிப் போச்சு.

இதுக்கு நடுவுல டீச்சர், கைய ஓட்டறதுக்கு வெச்சிருந்த சின்னக் கம்ப்யூட்டர்ல ஒரு கேமராவையும் மாட்டிட்டாங்க. தம்பியோட வாய் எங்க இருக்குதுன்னு பாத்து ஸ்பூன் போற மாதிரி. அதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்றன். கேமரா மாட்டச் சொல்லி நான் சொன்னனுங்களா? கேமரா வந்ததும் கம்ப்யூட்டருக்கு வேலை ஜாஸ்தி ஆயிருச்சு. ஸ்பூன் எதுலயோ பட்டுருச்சுங்கற தகவல் வந்தும், கேமரா வேலைக்குப் பின்னால வரிசையில நின்னுருக்குது. நில்லுன்னு சொல்ல வேண்டியது வரிசையில நிக்குதுங்க. எங்க டெஸ்ட் மெஷின்ல நடந்ததும் அதேதான். அது அப்புறமாத்தான் தெரிஞ்சுது.

ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம். அவருக்கு இருமல் வந்திருக்குது. தலை முன்னால சாஞ்சிருக்குது. ஸ்பூன் உள்ள போயி மேல் அண்ணத்துல பட்டிருக்குது. பட்டதும் நிக்கணுமில்லீங்களா. நிக்கல. ரெண்டு புள்ளி நாலு செகண்டு.

அவருக்குக் கையி வராது பாருங்க தள்ளிவிட. டீச்சர் சமையல் ரூம்ல இருந்து ஓடி வர்றதுக்கு அவ்வளவு நேரம் ஆயிருச்சு.

உயிருக்கு ஒண்ணும் இல்லீங்க. அண்ணம் கிழிஞ்சு, தொண்டையும் பின்னால கிழிஞ்சிருச்சு. ரெண்டு ஆபரேஷன். இப்ப வயித்துல ஓட்டை போட்டு ட்யூப் வழியாத்தான் கஞ்சி. வாய் வழியா எதுவும் எறங்கறதில்ல. பேச்சும் மூக்கால போகுது.

ஆனா உயிருக்கு ஒண்ணும் இல்ல.

எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லீங்க டீச்சரு? அதத்தான் நான் கேக்கறன். என் நம்பர் அவங்ககிட்ட இருந்துச்சு. போன் பண்ணல. நேரா எங்க பக்கத்துல, எல்லாரும் பாக்கற எடத்துல எழுதினாங்க. தேதி. நேரம். வெர்ஷன் ரெண்டு புள்ளி மூணு. என்ன நடந்துச்சு, எத்தன செகண்டு. கடைசில அந்த வரி, மூணு தடவ ஓட்டச் சொல்ற வரி. பக்கத்துல யாரு எழுதினது, என்னிக்குங்கறதெல்லாம் அதுலயே இருக்கும். தெறந்த சாஃப்ட்வேர்னா அப்படித்தானுங்க, எதையும் யாரும் அழிக்க முடியாது. ஒரு திட்டு இல்ல. ஒரு "ஏன்"கூட இல்ல. திட்டியிருந்தாப் பதில் சொல்லியிருப்பன்.

பெனடிக்ட் ரெண்டு நாள் லீவு போட்டு உக்காந்தாரு. தொட்டுச்சுங்கற தகவல் வந்தா மத்த எல்லா வேலையும் நிக்கணும், அது வரிசையில நிக்கக்கூடாதுன்னு மாத்தினாரு. எத்தன வரி தெரியுங்களா? பதினோரு வரி. ரெண்டு நாள் வேலை. என் வரியையும் எடுத்துட்டாரு. ரெண்டாயிரம் தடவ ஓட விட்டாரு, ரெண்டாயிரமும் பச்சை. ரெண்டு புள்ளி நாலுன்னு புது வெர்ஷன் வெளிய விட்டாரு.

அன்னிக்குச் சாயந்தரம் கூப்புட்டாரு. "அக்கா, எல்லாம் பண்ணிட்டேன். என் பேர எடுத்துட்டேன்."

"எங்கிருந்து?"

"நத்தையில இருந்துதான். இனிமே என்னால பச்சையப் பாத்து நம்ப முடியாதுக்கா."

"நான் வேணும்னா பண்ணினன் பெனடிக்ட்?"

"இல்லக்கா. வேணும்னு பண்ணலைன்னு எனக்குத் தெரியும்." அவ்வளவுதான் சொன்னாரு. வெச்சுட்டாரு. அப்புறம் என் போன எடுக்கறதில்ல.

போலந்துக்காரரு போயிட்டாரு. பிரேசில் பொண்ணும் போயிருச்சு. ஏழு மாசமா நான் மட்டும்தான். நானே எழுதி நானே அனுப்பி நானே சேக்கறன். டெஸ்ட் ஓடுது. பச்சையாத்தான் இருக்குது.

சரி, நேர்ல போயிப் பாத்துருவோம்னு போன வாரம் டீச்சருக்கு எழுதினன். பாக்க வரட்டுங்களான்னு. "வாங்க"ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு. இன்னிக்குப் போனன்.

நல்லாத்தான் பேசினாங்க. டீ குடுத்தாங்க. சின்ன வீடு, சுத்தமா வெச்சிருக்காங்க. முருகானந்தம் சன்னலோரக் கட்டில்ல இருந்தாரு. வீடியோல பாத்ததுக்குப் பாதி ஆளா இருந்தாருங்க. முகம் மட்டும் அதே முகம். என்னைப் பாத்துத் தலையாட்டினாரு.

புது வெர்ஷனக் கொண்டு வந்திருக்கறன், ரோபோக் கையில போட்டுத் தரட்டுங்களான்னு கேட்டன். டீச்சர் தம்பியப் பாத்தாங்க. அவங்க பீரோ மேல இருந்து அத எறக்கிக் குடுத்தாங்க. தூசி தொடச்சு மேசையில வெச்சு, ஏத்திவிட்டன். அரை மணி நேரம் ஆச்சு. கேமராவையும் மாட்டியே ஓட்டிக் காட்டினன். ஸ்பூனுக்குக் குறுக்க என் கைய வெச்சன். நின்னுச்சு. மறுபடி வெச்சன். நின்னுச்சு. நாப்பது தடவ, எண்ணினன். ஒவ்வொரு தடவயும் டக்குனு நிக்குதுங்க, தொட்டதே தெரியல.

அவரு பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் என்னமோ சொன்னாரு. எனக்குப் புரியல. டீச்சரும் சட்டுனு சொல்லல. மறுபடி சொன்னாரு.

"உங்க வாயில வச்சுப் பாக்கச் சொல்றான்"னாங்க டீச்சர்.

அதுக்கென்னங்கன்னு சேரை இழுத்துப் போட்டு உக்காந்தன். எழுதினவளே நான்தான, எனக்கென்ன? அவரு இன்னும் ஒண்ணு சொன்னாரு. டீச்சர், "டேய், வேணாம்"னாங்க. அவரு விடல.

"கையப் பின்னால கட்டிக்கணுமாம் மேடம்."

கட்டிக்கிட்டன். சேருக்குப் பின்னால ரெண்டு கையையும் கோத்துக்கிட்டன். டீச்சர் சுவிட்ச அழுத்தினாங்க. ஸ்பூன் தட்டுக்குப் போச்சு, திரும்புச்சு, வந்துச்சு. மெதுவாத்தான் வருது. எனக்குத் தெரியும் அதோட வேகம், நான் எழுதின வேகம். எவர்சில்வர் ஸ்பூனு. வெளிச்சம் பட்டு மின்னுச்சு. ஒரு சாண் இருக்கறப்ப நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டன்.

பல்லு கூச்சமுங்க எனக்கு. ரொம்ப நாளா இருக்குது. எவர்சில்வர் பட்டா ஒத்துக்கறதில்ல.

"இன்னொரு தடவ பாக்கறேங்க"ன்னன். டீச்சர் மறுபடி அழுத்தினாங்க. இந்தத் தடவ வாயத் தெறந்துதான் வெச்சிருந்தன். கிட்ட வர்றப்ப சேரோட பின்னால நகந்துட்டன். எப்படி நகந்தன்னு தெரியல. கையப் பின்னாலதான் கோத்திருந்தன்.

அவரு சிரிக்கல. கோவிச்சுக்கவும் இல்ல. கண்ண மூடிக்கிட்டாரு. டீச்சர் எந்திரிச்சு பிளக்கப் புடுங்கினாங்க. "போதும் மேடம். பஸ்ஸுக்கு நேரமாகும்"னாங்க. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாங்க, அதச் சொல்லணும். அந்தக் கைய என்ன பண்ணுவீங்கன்னு கேட்டன். ஸ்கூல் லேபுக்குக் குடுக்கறேன், பிள்ளைங்க கழட்டிப் பாக்கட்டும்னாங்க.

நான் எதுக்கு இன்னிக்கே போனங்கறதச் சொல்லலீங்களே உங்களுக்கு. இது அவங்ககிட்டயும் சொல்லல. சொல்லணும்னுதான் போனன், வாயில வரல.

பத்து நாளைக்கு முன்னாடி எங்க பக்கத்துல ஒருத்தர் எழுதியிருக்காங்க. யாருன்னு தெரியல. பேரு பதிஞ்சதே அன்னிக்குத்தான். நன்றி சொல்றதுக்குன்னே பதிஞ்சு, சொல்லிட்டுப் போயிட்டாங்க. தமிழ்லதான் எழுதியிருக்காங்க, அதனால இங்க எங்கியோதான். ஊரு இல்ல, நம்பர் இல்ல. அம்மாவுக்குக் கைகால் வராதாம், நத்தை வெச்சுத்தான் ஊட்டறாங்களாம். மொதல்ல எனக்குச் சந்தோசம்தானுங்க வந்துச்சு. ஏழு மாசத்துல ஒரு நல்ல வார்த்தை. ரெண்டு தடவ படிச்சன். அப்புறம்தான் கீழ போட்டிருந்த வெர்ஷன் நம்பரப் பாத்தன். ரெண்டு புள்ளி மூணு. ஒரு வருசமா அதுதான் ஓடுது, நல்லா ஓடறத எதுக்கு மாத்தணும்னு மாத்தவே இல்லைன்னு எழுதியிருக்காங்க.

ஒடனே பதில் போட்டன். நிறுத்துங்க, புதுசப் போடுங்கன்னு. கொட்டை எழுத்துல. இன்னி வரைக்கும் ஆறு தடவ போட்டுட்டன். ஒண்ணையும் பாக்கல. எங்க பக்கத்துல மேல பெருசா எச்சரிக்கை போட்டு வெச்சிருக்கறன். ஆனா எடுத்துட்டுப் போனவங்க எதுக்குங்க திரும்பி வந்து படிக்கறாங்க? இப்படி எத்தன பேர் வீட்ல அது ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கடைன்னாப் பில்லு இருக்கும், பேரு இருக்கும். இது தெறந்து கெடந்ததுதான, யாரு எடுத்தாங்கன்னு எழுதி வெக்கலியே.

இருங்க, ஃபோட்டோ போட்டிருக்காங்க. இந்தாங்க. செவுத்துல ஒரு கேலண்டர் இருக்குது, கடை பேரும் ஊரும் மட்டும் ரோபோக் கைக்குப் பின்னால மறஞ்சிருக்குது. உங்களுக்கு எதாவது எழுத்துத் தெரியுதுங்களா? எனக்கு ஒரு "சி" மட்டும்தான் தெரியுது. பஸ்ல, ஆபீஸ்ல, எல்லார்கிட்டயும் காட்டிட்டன்.

கேமராவும் வெச்சிருக்காங்க பாருங்க, மேல, அந்தக் கறுப்பு.

அடியில எழுதியிருக்கறதையும் படிங்க. "இப்ப அம்மாவுக்கு நல்லாப் பழகிருச்சு, தட்ட வெச்சுட்டு நாங்க வேலைக்குப் போயிடுறோம்."

பெருசு பண்ணிப் பாருங்க, வெரல ரெண்டும் வெச்சு. அந்த அம்மா வாய எப்படித் தெறந்து வெச்சிருக்காங்கன்னு பாருங்க.